ஊசி இல்லாத நாட்கள்

“ஊசி போட ஊர்ல யாராவது இருக்காங்களா?” என்று டாக்டர் எழிலரசி கேட்டாள். இந்திராணி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “இதோ, நர்சம்மா கீறாங்களே” என்று பக்கத்தில் நின்றிருந்த ஞானம்மாவைக் கை காட்டிவிட்டாள்.

ஞானம்மா துணைக்கு வந்தவள், அவ்வளவுதான். இந்திராணியின் புருஷன் நடேசனுக்குக் கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை. மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் எந்த வாசலில் நுழைந்து எந்த வாசலில் வெளியே வருவது என்று தெரியாமல் இந்திராணி தவித்தாள். முப்பத்தைந்து வருஷம் மண்ணூர், தண்டலம் பக்கத்துக் கிராமங்களில் அரசாங்க நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள் ஞானம்மா. நடேசனே அவள் கையில் பிறந்தவன்தான். “வா, நான் கூட்டிக்கிட்டுப் போறேன்” என்று கிளம்பி வந்தாள். தொண்ணூற்றொன்றாம் வருஷம், ஜூலை மாதம்.

நோயாளி இந்திராணியின் மாமனார் சபாபதி. அறுபத்தெட்டு வயது. செம்பரம்பாக்கம் ஏரியில் மதகு திறந்து மூடுகிற லஸ்கராக இருந்தவர். இரண்டு மாதமாகப் பல் தேய்த்தால் ஈறில் ரத்தம், லேசாக இடித்தாலும் உடம்பில் நீலமாகக் கன்றிவிடும், பத்தடி நடந்தால் மூச்சு வாங்கும். அவரை வராந்தா பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு இவர்கள் இரண்டு பேரை மட்டும் டாக்டர் உள்ளே அழைத்திருந்தாள்.

“ரத்தப் புற்றுநோய், வேகமா வர்ற வகை” என்றாள் டாக்டர். “எலும்புக்குள்ள ரத்தம் ஊறுற இடம் பூரா முத்தாத அணுக்களா நிரம்பிப் போச்சு. நல்ல ரத்தம் ஊற இடமில்ல. வயசுப் பிள்ளைங்களா இருந்தா ஒரு மாசம் இங்கேயே படுக்கவைச்சு பலமான மருந்து கொடுப்போம். உள்ள இருக்கிற நல்லது கெட்டது எல்லாத்தையும் துடைச்சு எடுத்துட்டுத் திரும்ப ஊற விடுவோம். இவருக்கு மூணு வருஷம் முன்னாடி மாரடைப்பு வந்திருக்கு. இதயம் பாதி பலத்துல ஓடுது. அந்த மருந்தைக் கொடுத்தா நோய் செய்யிறதை மருந்தே செஞ்சுடும்.”

“அப்போ ஒண்ணும் பண்ண முடியாதா டாக்டர்?” என்று ஞானம்மா கேட்டாள்.

“பண்ணலாம். ஒரே ஒரு மருந்து, ரொம்பக் கொஞ்சமா, தோலுக்கடியில. காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. சரியா பன்னிரண்டு மணி நேரம் தள்ளி. பத்து நாள் போட்டுட்டு ஒரு மாசம் போல விட்டுடணும். அப்புறம் திரும்பவும் பத்து நாள். அஞ்சு பேர்ல ஒருத்தருக்கு நல்லா கேக்கும். கேட்டாலும் வேரோட போகாது. சில மாசம் அடங்கிக் கிடக்கும்.”

இந்திராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் ஞானம்மாவைப் பார்த்துத்தான் மிச்சத்தைச் சொன்னாள். ஒரு குப்பி கலக்கினால் இரண்டு நாள்தான் வைத்திருக்கலாம். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தக்கூடாது. காய்ச்சல் வந்தால் மறுநாள் வரை காத்திருக்கக்கூடாது, உடனே வண்டியேற வேண்டும். “இன்னொண்ணு. ரத்தத்தை உறைய வைக்கிற அணு இவருக்கு ரொம்பக் குறைவு. ஊசியை எடுத்ததும் பஞ்சு வைச்சு அழுத்திப் பிடிக்கணும். கடிகாரம் பாத்து அஞ்சு நிமிஷம்.”

திரும்பும் பஸ்ஸில் இந்திராணி முன்சீட்டில் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பூந்தமல்லி தாண்டியதும் சபாபதி குனிந்து, பக்கத்தில் இருந்த ஞானம்மாவிடம் கேட்டார்.

“இன்னா சொன்னாங்க, நர்சம்மா? எங்கூட்டுப் பொண்ணு சொல்லாது. நீ சொல்லு.”

ஆஸ்பத்திரியில் இந்த மாதிரி விஷயத்தை நோயாளியிடம் சொல்வதில்லை. ஞானம்மாவும் எத்தனையோ பேரிடம் சொல்லாமல் மழுப்பியவள்தான். ஆனால் அந்த மனுஷன் முகத்தைப் பார்த்து மழுப்ப வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். ஐந்து பேரில் ஒருவர் என்பதையும் சொன்னாள்.

அவர் செம்பரம்பாக்கம் வரும் வரைக்கும் சன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, “ரெண்டு வேளையும் நீதான் வருவியா?” என்று கேட்டார்.

“நான்தான் வரணும்.”

“அப்போ செரி” என்றார்.

தண்டலத்தில் ஞானம்மா தனியாக இருந்தாள். தம்பிகளைப் படிக்கவைத்துக் கல்யாணம் செய்துவைத்து ஆளாக்கியதில் அவளுக்குக் கல்யாணம் என்பது நடக்காமலே போயிற்று. அதைப் பற்றி அவள் பெரிதாக வருத்தப்பட்டதும் இல்லை. நாளெல்லாம் அடுத்தவர் வீட்டுப் பிரசவம், அடுத்தவர் வீட்டுக் காய்ச்சல் என்று ஓடியதில் வருத்தப்பட நேரம் ஏது? இப்போது அறுபது வயதில், காலை ஐந்து மணிக்கு எழுந்து, பையில் பஞ்சும் ஸ்பிரிட்டும் எடுத்துக்கொண்டு, முதல் பஸ் பிடித்து, ஆறு மணிக்கு மண்ணூரில் சபாபதி வீட்டு வாசலில் நின்றாள். சாயங்காலம் ஆறு மணிக்கு மறுபடியும்.

அவர் கயிற்றுக் கட்டிலில் சட்டையில்லாமல் தயாராக உட்கார்ந்திருப்பார். வலது பக்க வயிறு, இடது பக்க வயிறு, வலது தொடை, இடது தொடை, இரண்டு புஜங்கள் என்று அவள் முறை வைத்துக்கொண்டாள்.

“இன்னிக்கு எந்த மதகு நர்சம்மா?” என்பார்.

“இடது கை, நடேசன் அப்பா. சும்மா இருங்க, ஆடாதீங்க.”

ஊசி போடுவது அரை நிமிஷம். அதற்குப் பிறகுதான் அந்த ஐந்து நிமிஷம். பஞ்சை வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, இன்னொரு கையின் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அவள் நிற்பாள். முதல் நாள் இரண்டு பேருமே எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்தார்கள். இரண்டாம் நாள் அவர் ஏரியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். தண்ணீர் முழுசாக நிற்கும்போது கரை மேல் நடந்தால் காலுக்கடியில் ஒரு அதிர்வு தெரியும் என்றார். ராத்திரி பூரா மழை பெய்த ஒரு ஐப்பசியில், கரையில் ஓர் இடத்தில் கசிவு கண்டு, ஆள் வரும் வரை அங்கேயே மண்மூட்டை மேல் படுத்துக்கிடந்ததைச் சொன்னார். அவர் மனைவி செத்து ஆறு வருஷம் ஆகிறது. அவளைப் பற்றியும் சொன்னார். அவளுக்கு ஞானம்மா மேல் கொஞ்சம் பயம் உண்டாம்.

“என் மேல என்ன பயம்?”

“நீ வந்தா சோப்பு போட்டுக் கை கழுவச் சொல்லித் திட்டுவியாம். நீ தெரு முனையில வரும்போதே கழுவிக்கினு நிப்பா.”

ஞானம்மா சிரித்தாள். சிரித்ததில் மணி பார்க்க மறந்து, ஏழு நிமிஷம் ஆகியிருந்தது.

பத்து நாள் முடிந்தது. பதினோராம் நாள் காலையில் அவள் ஐந்து மணிக்கு எழுந்தாள், பல் தேய்த்தாள், முகம் கழுவிப் பவுடர் பூசினாள். பையை எடுக்கும்போதுதான் இன்றைக்குப் போக வேண்டியதில்லை என்பது உறைத்தது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மண்ணூர் போகிற பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. யாரோ தன்னை விட்டுவிட்டுப் போவது போல இருந்தது. இந்த வயதில் இது என்ன பழக்கம் என்று தன்னையே கடிந்துகொண்டு ஜெபம் பண்ண உட்கார்ந்தாள். ஜெபத்தில் முதலில் வந்தது சபாபதியின் பெயர்தான். நோயாளிக்காக ஜெபிப்பது நல்லதுதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அந்த இடைவெளியில் அவருக்குக் காய்ச்சல் வந்து மெட்ராஸில் ஒன்பது நாள் படுக்கவைத்தார்கள். நடேசனோடு கம்பெனியில் வேலை செய்கிறவர்கள் ஷிப்ட் முடிந்து நேராகப் போய் ரத்தம் கொடுத்தார்கள். ஞானம்மா போகவில்லை. போய் யாரென்று சொல்லிக்கொண்டு கட்டில் பக்கத்தில் உட்காருவது? ஊசி போடுகிறவளுக்கு அங்கே வேலையில்லை. மண்ணூருக்கு வண்டி மாறுகிற பஸ் ஸ்டாப்பில் நின்று, மெட்ராஸிலிருந்து வருகிற வண்டிகளில் இந்திராணி இறங்குகிறாளா என்று மூன்று நாள் பார்த்தாள். நாலாம் நாள் இறங்கினாள்.

“காய்ச்சல் உட்டுடுச்சி நர்சம்மா” என்றாள் இந்திராணி. பிறகு ஞானம்மாவின் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, “மாமா உங்களத்தான் கேட்டாரு. அடுத்த ஊசி எந்தத் தேதின்னு கேட்டாரு” என்று சேர்த்துச் சொன்னாள்.

ஆகஸ்ட் நடுவில் இரண்டாவது சுற்று தொடங்கியது. அது முடிந்து மூன்று வாரம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தபோது டாக்டர் எழிலரசியே நம்பாமல் இரண்டு தடவை பார்த்தாளாம். முத்தாத அணுக்கள் வெகுவாகக் குறைந்துபோயிருந்தன. ஈறில் ரத்தம் நின்றது. சபாபதி தெரு முனை வரை நடந்தார், பிறகு கடை வரை நடந்தார். ஐந்தில் ஒருவராக அவர் இருந்துவிட்டார்.

ஊர் சந்தோஷப்பட்டது. ஞானம்மாவும் சந்தோஷப்பட்டாள். ஆனால் அந்தச் சந்தோஷத்துக்கு அடியில் ஒன்று கிடந்து உறுத்தியது. அடுத்த சுற்று எப்போது வரும் என்று அவள் நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். ஒரு மனுஷனுக்கு விஷ மருந்து ஏற்றுகிற நாளுக்காகவா ஒருத்தி ஏங்குவாள்? எண்ணக்கூடாது என்று காலண்டரைத் திருப்பி வைத்தாள். அப்புறமும் மனசு எண்ணியது.

அப்படி ஒரு செப்டம்பர் காலையில், ஆறு மணி சுமாருக்கு, அவள் வாசல் தெளித்துக்கொண்டிருக்கும்போது பஸ்ஸிலிருந்து சபாபதி இறங்கி வந்தார். வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரியிருந்தார். நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது.

ஞானம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு ஓடினாள். “என்ன ஆச்சு? காய்ச்சலா? யாரும் கூட வரலையா?”

“ஒண்ணும் ஆவல. நல்லாத்தான் கீறேன்.”

“அப்புறம் எதுக்கு இந்நேரத்துல வந்தீங்க?”

அவள் உள்ளே ஓடி நாற்காலி கொண்டுவந்து போட்டாள். உட்கார்ந்து மூச்சு சீரான பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “ஊசி இல்லாத நாள்லயும் விடிகாலைல முழிப்பு வந்துடுது. சட்டைய கழட்டிட்டு கட்டில்ல குந்திக்கினு கீறேன். ஆறு மணி ஆவுது, ஆறரை ஆவுது. எங்கூட்டுப் பொண்ணு, இன்னா மாமா குந்திக்கினு கீறீங்கன்னு கேக்குது. அதுக்கு இன்னா பதில் சொல்றது?”

ஞானம்மா அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அடுப்பில் எதுவும் இல்லை. இருட்டான சமையலறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றாள். அறுபது வருஷத்தில் ஒருவர் தனக்காகக் காத்திருந்தேன் என்று சொல்லி அவள் கேட்டதில்லை. பிரசவ வலியில் காத்திருந்தவர்கள் உண்டு, அது நர்சுக்காக. பிறகு உண்மையிலேயே பால் காய்ச்சிக் காப்பி போட்டு எடுத்து வந்தாள். இரண்டு பேரும் காப்பி குடித்தார்கள். அவர் ஏழு மணி பஸ்ஸில் திரும்பினார். காப்பி வந்த பிறகு பேசியது மொத்தம் பத்து வார்த்தை இருக்காது.

அக்டோபரில் மூன்றாவது சுற்று. இந்த முறை ஊசி எடுத்த இடத்தில் ரத்தம் ஒரு நிமிஷத்திலேயே நின்றுவிட்டது. ஐந்து நிமிஷம் பிடிக்க வேண்டிய அவசியம் இல்லை. ஞானம்மா பிடித்தாள். அவர் “நின்னுடுச்சா?” என்று கேட்கவில்லை. இந்திராணி பக்கத்திலேயே முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளும் ஒன்றும் கேட்கவில்லை. கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள்.

நவம்பர் பிறந்து மழை பிடித்துக்கொண்டது. ஈறில் மறுபடி ரத்தம் வந்தது. மெட்ராஸுக்கு இந்த முறை நடேசன், இந்திராணி, ஞானம்மா மூவருமே அவரோடு போனார்கள். டாக்டர் எழிலரசி அவரையும் உள்ளே உட்காரவைத்தே சொன்னாள். நோய் திரும்பிவிட்டது, இந்த ஊசிக்கு இனி அது அடங்காது. ரத்தம் குறையும்போது ஏற்றிக்கொள்ளலாம், கெட்ட அணுக்களின் எண்ணிக்கை ஏறாமல் இருக்க மாத்திரை தருகிறேன், வீட்டிலேயே நிம்மதியாக இருக்கட்டும் என்றாள்.

“இன்னும் ஒரு தபா போட்டுப் பாக்கலாமே டாக்டரம்மா” என்றார் சபாபதி.

“பலன் இருக்காதுங்க, ஐயா. இருக்கிற நல்ல அணுவையும் அது கொன்னுடும். காய்ச்சல் வரும். திரும்ப இங்க வந்து படுக்கணும்.”

“பரவால்ல, படுக்கறேன். ஊசி மட்டும் நிறுத்தாதீங்க.”

உயிர் மேல் ஆசை என்று நடேசன் நினைத்துக்கொண்டான். வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான். அது எதன் மேல் ஆசை என்று ஞானம்மாவுக்குத் தெரியும். இந்திராணிக்கும் தெரிந்திருக்க வேண்டும். பஸ்ஸில் ஏறும்போது அவள் ஞானம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள், ஏறுவதற்கு உதவுகிற மாதிரி.

மறுநாள் சாயங்காலம் ஞானம்மா பார்க்கப் போனபோது அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அவள் வந்து உட்கார்ந்ததும் மெதுவாகச் சொன்னார்.

“நர்சம்மா, ஒண்ணு கேக்கறேன். மருந்து வாணாம். சும்மா தண்ணிய ஊசில ஏத்திப் போடேன். யாருக்குத் தெரியப்போவுது?”

ஞானம்மாவுக்கு முதலில் கோபம் வந்தது. ஆனால் இதே யோசனை நேற்று பஸ்ஸில் வரும்போது அவளுக்கும் வந்துபோனது. ஒரு சுற்று தண்ணி ஊசி. பத்து நாள், இருபது வேளை. வெட்கத்தில் அதை அவள் உதறியிருந்தாள்.

“போட மாட்டேன்” என்றாள். “இத்தனை வருஷத்துல யாருக்கும் பொய் ஊசி போட்டதில்ல. உங்களை எதுக்குச் சும்மா குத்தணும்?”

அவர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

“ஊசி இருந்தாத்தான் நான் வரணுமா, நடேசன் அப்பா? காலைல ஆறு, சாயங்காலம் ஆறு. நான் வருவேன். பை எடுத்துக்கிட்டு வரமாட்டேன், அவ்வளவுதான்.”

“ஊருல இன்னா சொல்லுவாங்க?”

“சொல்லட்டும். எனக்கு அறுபது வயசாச்சு. இனிமே சொல்லி என் கல்யாணம் நின்னுபோகப் போகுதா?”

அவர் சிரித்தார். ஈறில் ரத்தம் தெரிந்தது. அவள் பஞ்சால் துடைத்துவிட்டாள்.

சொன்னபடியே வந்தாள். மழையில் நனைந்துகொண்டும் வந்தாள். நாலு நாள் பார்த்துவிட்டு நடேசன் பெண்டாட்டியிடம் கேட்டான். “ஊசிதான் நின்னுபோச்சே, அப்புறம் எதுக்கு அவங்க ரெண்டு வேளையும் வர்றாங்க? தெருவுல ஒரு மாதிரி பேசறாங்க.”

“உங்கப்பா சாப்பிடறது அவங்க வந்துட்டுப் போற அந்த ரெண்டு வேளைதான். மத்த நேரம் நான் கெஞ்சினாலும் வாய் தொறக்கறதில்ல. அதைப் போய் தெருவுல சொல்லு” என்றாள் இந்திராணி. அதற்கப்புறம் அவன் கேட்கவில்லை. கட்டில் பக்கத்தில் போட்டிருந்த முக்காலியை எடுத்துவிட்டு, கையுள்ள நாற்காலி ஒன்றைத் தானே கொண்டுவந்து போட்டான்.

ஏரி நிரம்புகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. சபாபதிக்குப் போய்ப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அவரால் உட்காரவே முடியவில்லை. ஒரு மத்தியானம் ஞானம்மா பஸ் ஏறி செம்பரம்பாக்கம் போய், குடையைப் பிடித்துக்கொண்டு கரை மேல் ஏறி நின்றாள். தண்ணீர் கண்ணுக்கெட்டிய தூரம் வரை சாம்பல் நிறத்தில் அலையடித்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்று பார்த்தாள். அவர் சொன்ன அதிர்வு அவளுக்குத் தெரியவில்லை. சாயங்காலம் வந்து, தண்ணீர் எந்தப் படி வரை வந்திருக்கிறது, எத்தனை மதகு திறந்திருக்கிறார்கள் என்று எல்லாம் சொன்னாள்.

“காலுக்கடில தெரிஞ்சுதா?” என்று கேட்டார்.

“தெரியலை. எனக்கு உங்க கால் இல்லையே.”

“ஒரு தபா பார்த்தா தெரியாது. தெனம் நிக்கணும்” என்றார். பிறகு போர்வைக்கு வெளியே கையை நீட்டினார். பழைய ஊசித் தடங்கள் நீலமும் மஞ்சளுமாகக் கிடந்த புஜம். அவள் கட்டைவிரலை அதன் மேல் வைத்தாள். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. இந்திராணி விளக்கைப் போட வரும் வரை அப்படியே இருந்தார்கள்.

அதற்குப் பிறகு பதினோரு நாள் இருந்தார். இரண்டு தடவை ரத்தம் ஏற்றினார்கள். மூன்றாவது தடவைக்கு அவரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

டிசம்பர் முதல் வாரம் ஒரு காலையில் ஞானம்மா வழக்கம்போல ஆறு மணிக்கு மண்ணூர் தெருவுக்குள் நுழைந்தாள். மழை விட்டிருந்தது. இந்திராணி வாசலில் நின்றிருந்தாள். அவள் நின்ற விதத்திலேயே தெரிந்துவிட்டது. ஞானம்மாவின் நடை தானாகவே மெதுவானது.

“அஞ்சே காலுக்கு நர்சம்மா” என்றாள் இந்திராணி. “அஞ்சு மணிக்கு முழிச்சாரு. மணி இன்னாம்மான்னு கேட்டாரு. இன்னும் ஒரு மணி நேரம் கீது மாமான்னேன். செரி, சட்டைய கழட்டி உடுன்னாரு. கழட்டி உட்டேன். சாஞ்சு குந்த வைச்சேன். தண்ணி எடுத்துக்கினு வர்றதுக்குள்ள...”

ஞானம்மா தலையாட்டினாள். உள்ளே போனாள். அவர் இரண்டு தலையணையில் சாய்ந்து, வாசல் பக்கம் முகம் வைத்து இருந்தார். கண்ணை இந்திராணி மூடிவிட்டிருந்தாள்.

நடேசன் நைட் ஷிப்டிலிருந்து வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது. அக்கம்பக்கத்தில் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. எதிர்வீட்டு சந்திரம்மாள் படியிறங்கி, “இன்னா இந்திராணி, பெரியவருக்கு எப்படிக் கீது?” என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

இந்திராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பின்னால் கையை நீட்டி வாசற்கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். பிறகு படியில் குறுக்கே நின்றுகொண்டாள்.

“நர்சம்மா உள்ள பாத்துக்கினு கீறாங்க” என்றாள். “அப்புறமா வாங்கக்கா.”